வெள்ள நேரத்தில் தகவல் பலகை: குழுவில் குவியும் செய்திகளைச் சமாளிப்பது எப்படி?

கேள்வி: அடையாறு கரையோரத்தில் இருக்கிறோம். வெள்ளம் வந்தால் எங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் உதவி கேட்டு ஏகப்பட்ட செய்திகள். எது நிஜம், எது முடிந்துபோனது என்றே தெரிவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வதந்தியைவிட அதிகம் கெடுப்பது பழைய செய்திதான். காலை 9 மணிக்கு எழுதியதை மாலை 5 மணிக்கு யாரோ ஃபார்வர்டு செய்தால், வாட்ஸ்அப் 5 மணி என்றே காட்டும். காலி வீட்டுக்குப் படகு போகும்.

ஆகவே குழு கேட்பதற்கு மட்டும்; கணக்கு கூகுள் ஷீட்டில். வரிசை எண், கேட்ட நேரம், தொலைபேசி, இடம், எத்தனை பேர் (முதியோர், கைக்குழந்தை தனியாக), தேவை, நிலை, கடைசியாகப் பேசிய நேரம். இவ்வளவு போதும். ஒரே எண் இரண்டு முறை வந்தால் நிறம் மாறும்படி வையுங்கள். ஒருவர் +91 போட்டும் இன்னொருவர் போடாமலும் எழுதினால் ஷீட் இரண்டு எண்ணாகவே பார்க்கும். கடைசி 10 இலக்கம் மட்டும் பதியுங்கள். ஷீட்டைப் பொதுவில் திறந்துவிடாதீர்கள், அதில் பலருடைய எண்கள் இருக்கின்றன.

"பிள்ளையார் கோவில் தெரு" என்றால் ஊரில் எத்தனையோ. லொகேஷனைக் கேட்டு, அட்சரேகை, தீர்க்கரேகையைப் புள்ளிக்குப் பின் 4 இலக்கம் வரை எழுதுங்கள்; பிழை சுமார் 11 மீட்டருக்குள் அடங்கும். 2 இலக்கத்தில் நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர்வரை தள்ளிப்போகும்.

நிலை என்ற கட்டத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். புதியது, பேசி உறுதிசெய்தது, ஆள் கிளம்பியாச்சு, முடிந்தது. படகுக்காரர் "எடுத்தாச்சு" என்றால் போதாது. பக்கத்து வீட்டாரை ஏற்றியிருக்கலாம். கேட்டவரே சொன்னால்தான் "முடிந்தது". அவர் போன் அணைந்திருந்தால் "தொடர்பில்லை" என்று எழுதி, வரிசையின் மேலே கொண்டுவாருங்கள். மாநில அவசர எண் 1070, மாவட்ட எண் 1077, சென்னை மாநகராட்சி எண் 1913 ஆகியவற்றில் சொன்னதற்குக் கிடைக்கும் புகார் எண்ணையும் அதே வரியில் சேருங்கள்.

ஆற்றுக்கு வருவோம். அடையாற்றில் உபரிநீரைத் திறந்துவிடும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு மட்டம் 24 அடி. ஆனால் ஏரியில் எத்தனை அடி என்பதைவிட வினாடிக்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பதே உங்களுக்கு முக்கியம். 2015 டிசம்பரில் அது 29,000 கன அடியைத் தொட்டது. அதை மட்டும் நம்பவும் கூடாது. ஆதனூர், முடிச்சூர்ப் பக்கத்து நீரும் இதே ஆற்றில்தான் சேர்கிறது. தெருமுனைச் சுவரில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு பெயின்ட்டில் இழுத்து, அரை மணிக்கொரு தடவை அளவைப் பதியுங்கள்.

கரண்டும் நெட்டும் போகும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இதே கட்டங்களை முன்கூட்டியே போட்டு, வரிசை எண்ணை 501இலிருந்து தொடங்குங்கள். பிறகு ஷீட்டில் ஏற்றும்போது எண்கள் மோதாது.