பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் நம் கவனம் என்ன ஆகிறது? – கேள்வி பதில்

சேர்ந்து வேலை செய்யும்போது மனம் எப்படி நடந்துகொள்கிறது என்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் சோதனை உளவியல் நடத்துகிறவன் என்பதால் பதில்களில் ஆய்வக வாடை கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (போட்டித் தேர்வு எழுதும் மாணவி): சார், நூலகத்தில் நாலு பேர் நடுவே உட்கார்ந்தால் படித்ததைத் திருப்பிப் பார்ப்பது வேகமாக ஓடுகிறது. புதுக் கணக்கை எடுத்தால் மட்டும் அங்கே மண்டையில் ஏறுவதே இல்லை. ஏன்?

பதில்: பழகிய வேலைக்குப் பக்கத்து ஆள் உதவி, பழகாத வேலைக்கு இடைஞ்சல். நார்மன் ட்ரிப்லெட் 1898-லேயே சைக்கிள் பந்தயக் குறிப்புகளையும், தூண்டில் உருளை சுற்றிய சிறுவர்களையும் வைத்து இதைத் தொட்டுவிட்டார். சில வேலைகளில் வேகம் கூடுவதும் சிலவற்றில் குறைவதும் ஏன் என்று 1965-ல் விளக்கியவர் ராபர்ட் சயான்ஸ். பக்கத்தில் ஆள் இருந்தால் உடம்பில் ஒரு விழிப்பு ஏறும்; அந்த நேரத்தில் ஏற்கெனவே கைவசம் இருக்கும் பழக்கமே முந்திக்கொண்டு வரும் என்றார். 1969-ல் அவர் குழு கரப்பான்பூச்சிகளை ஓடவிட்டுப் பார்த்தது. மற்ற கரப்பான்கள் பார்வையாளர்களாக இருந்தபோது நேர்ப்பாதையில் வேகம் கூடியது, திருப்பமுள்ள பாதையில் குறைந்தது. புதுக் கணக்கை வீட்டில் போட்டுப் பழகிவிட்டு நூலகத்துக்குப் போங்கள்.

கேள்வி: இது வெறும் ‘யாரோ இருக்கிறார்கள்’ என்ற பரபரப்புதானே? அவர் என்ன வேலை செய்கிறார் என்பதும் நம்மைத் தொடுமா?

பதில்: தொடும். எனக்குப் பிடித்த சோதனையே இதைப் பற்றியதுதான். திரையில் சிவப்பு வந்தால் இடது பொத்தான், பச்சை வந்தால் வலது பொத்தான். நிறம் திரையின் எந்தப் பக்கம் தோன்றுகிறது என்பதைக் கண்டுகொள்ள வேண்டாம். ஆனாலும் சிவப்பு வலப்பக்கம் வந்தால் இடது கை சற்றுத் தயங்கும். 1960-களில் இதைக் காட்டிய ஜே. ரிச்சர்ட் சைமன் பெயரால் இதைச் சைமன் விளைவு என்கிறோம். தயக்கம் சில பத்து மில்லிசெகண்டுதான், ஆனால் விடாமல் வரும்.

இப்போது பச்சைக்கான பொத்தானை எடுத்துவிட்டு ‘சிவப்புக்கு மட்டும் அழுத்து, பச்சை வந்தால் சும்மா இரு’ என்று சொன்னால் இந்தத் தயக்கம் ஏறக்குறைய மறைந்துவிடும். இரண்டு பொத்தான்களுக்கு நடுவே தேர்ந்தெடுக்கும் வேலை இல்லையே. 2003-ல் நடாலி செபான்ஸ், குந்தர் நோப்லிக், வுல்ஃப்காங் பிரின்ஸ் மூவரும் அடுத்த நாற்காலியில் இன்னொருவரை உட்காரவைத்துப் பச்சையை அவரிடம் கொடுத்தார்கள். முதல் ஆளின் வேலையில் ஒரு மாற்றமும் இல்லை, அதே சிவப்பு, அதே பொத்தான். ஆனால் மறைந்த தயக்கம் திரும்பி வந்துவிட்டது! பக்கத்து ஆளின் பங்கையும் மனம் தன் கணக்கில் சேர்த்துவைத்திருக்கிறது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள்.

கேள்வி: அதே விளைவு பொம்மையை வைத்தாலும் வந்ததாமே? அப்படியானால் மனித உறவு என்பதெல்லாம் கதைதானா?

பதில்: பொம்மை விஷயம் உண்மை. 2013-ல் தாமஸ் டோல்க் குழு, கை ஆட்டும் ஜப்பானியப் பூனைப் பொம்மையைப் பக்கத்தில் வைத்துச் சோதித்தது, விளைவு வந்தது. கவனத்தை இழுக்கும் எதுவும் பக்கத்தில் இருந்தால் போதும், ‘நான் இந்தப் பக்கம்’ என்று மனம் இடம் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான் என்பது அவர்கள் வாதம். பாதி விஷயத்தை இது விளக்கிவிடுகிறது. ஆனால் 2009-ல் பெர்னார்ட் ஹோமல் குழு கண்டதை இதை மட்டும் வைத்து விளக்குவது கடினம். கூட்டாளி சிடுசிடுத்து மிரட்டினால் விளைவு காணாமல் போகிறது. இணக்கமாக நடந்துகொண்டால் வருகிறது. பூனை ஒரு வழியைக் காட்டியது, அது ஒன்றே வழி என்று காட்டவில்லை. என் கட்சி இது.

கேள்வி (அலுவலக ஊழியர்): பக்கத்து மேஜைக்காரரின் கோப்பு விவரமெல்லாம் எனக்கு மனப்பாடம். யாரும் பார்க்காத கோப்பு நினைவில் நிற்பதில்லை.

பதில்: ஆய்வகத்திலும் அப்படியே நடக்கிறது. 2013-ல் வெளிவந்த ஒரு சோதனையில் சொற்களை வகை பிரித்து, ஒரு வகை உங்களுக்கு, ஒன்று கூட்டாளிக்கு, ஒன்று யாருக்கும் இல்லை என்று வைத்தார்கள். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நினைவைச் சோதித்தபோது, யாருக்கும் இல்லாததைவிடக் கூட்டாளியின் சொற்கள் அதிகம் நினைவில் நின்றன.

கேள்வி (ரயில்வே குடும்பத்திலிருந்து): லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் சிக்னல் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்கிறார்கள். அது சடங்கா, பயன் உண்டா?

பதில்: பயன் உண்டு, இருவரும் தனித்தனியாகப் பார்த்துவிட்டுச் சொன்னால். வாய்விட்டுச் சொல்லும்போது சிக்னலைப் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது, தவறாகச் சொன்னால் மறுக்கவும் ஆள் இருக்கிறார். ஒருவர் ‘பச்சை’ என்றதும் மற்றவர் தலை நிமிராமல் ‘பச்சை’ என்று எதிரொலித்தால் நாலு கண் இரண்டு கண் ஆகிவிடும். மற்றவர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம் நம்மை அறியாமலே வரும். 1979-ல் உளவியலாளர் பிப் லட்டானே குழு, சோதனைக்கு வந்தவர்களின் கண்ணைக் கட்டி, காதில் ஹெட்போன் மாட்டிக் கத்தச் சொன்னது. கூடவே வேறு பலரும் கத்துகிறார்கள் என்று நம்பியவர்கள், உண்மையில் தனியாகத்தான் கத்தினார்கள் என்றாலும், குரலைக் குறைத்துக்கொண்டார்கள்.

கேள்வி: சைமன் சோதனையை வகுப்பு நண்பர்களை வைத்துச் செய்து பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக. கண்ணால் பார்த்துத் தெரியாது, நேரம் அளக்க மடிக்கணினி வேண்டும். சைக்கோபை என்ற இலவச மென்பொருள் போதும். ஆளுக்குச் சில நூறு தடவை அழுத்தவைத்துச் சராசரி எடுங்கள். பாதிப் பேர் முதலில் தனியாக, மீதிப் பேர் முதலில் ஜோடியாக என்று வரிசையை மாற்றிவையுங்கள். இல்லையென்றால் பழக்கத்தால் வந்த வித்தியாசத்தையும் பக்கத்து நண்பர் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.