காலை டிபனுக்குப் பிறகு கிளம்பலாம் என்றால்...

கேள்வி: ஏப்ரல் கடைசியில் நண்பர்கள் நான்கு பேர் மணாலியிலிருந்து பியாஸ் குண்ட் மலையேற்றம் போகிறோம். வழியில் பனி இருக்குமாம். “குளிர்காலம் முடிந்துவிட்டது, பனிச்சரிவு பயமெல்லாம் இல்லை” என்கிறார் ஏற்பாட்டாளர். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். ஜனவரியில் காற்று குவித்த புதுப்பனி, ஆள் மிதித்ததுமே பலகைபோலப் பெயர்ந்து வரும். அந்த அபாயம் ஏப்ரலில் பெரும்பாலும் குறைந்திருக்கும், புதிதாகப் பனி கொட்டாதவரை. ஆனால் அதன் இடத்துக்கு ஈரப்பனிச் சரிவு வந்துவிடும். வெயிலில் மேல்பனி உருகி, நீர் உள்ளே இறங்கி, துகள்களுக்கு இடையே இருக்கும் பிடிப்பைத் தளர்த்தும். பிறகு யாரும் மிதிக்கக்கூட வேண்டாம், தானாகவே இறங்கும். வேகம் சற்றுக் குறைவு, ஆனால் கனம் அதிகம். நின்றதும் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும்.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது முந்தைய இரவின் வானம். நட்சத்திரம் தெரிந்த இரவில் பனி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டு இறுக உறையும். மேகம் மூடியிருந்தால் அது போர்வைபோல் வெப்பத்தைத் தடுத்துவிடும். குளிராகத்தான் இருந்தது என்று நமக்குத் தோன்றும், பனியோ சரியாக உறைந்திருக்காது. காலையில் பூட்ஸால் உதைத்துப் பாருங்கள். கல்போல் இருந்தால் சில மணி நேரம் கையில் இருக்கிறது. கணுக்காலுக்கு மேல் புதைந்தால், சரிவில் பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தால், அல்லது பனிமேல் மழை பெய்தால் திரும்பிவிடுங்கள். கிழக்குப் பார்த்த சரிவுகள்தான் முதலில் இளகும், மேற்குப் பார்த்தவை பிற்பகலில்.

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில் புறப்படுகின்றன. சாய்வை அளக்க செல்போனே போதும். ஆனால் நீங்கள் நடக்கும் இடம் சமதளமாக இருப்பதால் மட்டும் தப்பித்ததாக ஆகாது. தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் காங்டாக்–நாதுலா சாலையோரம் நண்பகல் வாக்கில் பனிச்சரிவில் இறந்த 7 பேரும் சுற்றுலா வந்தவர்கள். மலையேறப் போனவர்கள் அல்லர்.

பீக்கன் (புதைந்தவர் எங்கே என்று சிக்னலால் காட்டும் கருவி), குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வெட்டி மூன்றும் ஆளுக்கு ஒன்று வேண்டும். புதைந்தவரைச் சுமார் 10 நிமிடத்தில் எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு அது மளமளவென்று சரிந்து, அரை மணிக்குள் மிகவும் குறைந்துவிடும். வெளியிலிருந்து உதவி வரும்வரை அந்த நேரம் காத்திருக்காது. அப்புறம், ஓடைமேல் பாலம்போல் நிற்கும் பனியை மறக்காதீர்கள். மதியம் அது சாதுவாகத்தான் தெரியும், அடியில் மெலிந்திருக்கும்.

சண்டிகரில் இருக்கும் பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனமான டிஜிஆர்இ வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைக் கிளம்பும் முன் பாருங்கள். சரி, ஏற்பாட்டாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முகாமிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படுவோம்? விடியும் முன் கிளம்பி, பத்து மணிக்குள் சரிவுகளைத் தாண்டித் திரும்பிவிடுவோம் என்றால் பணம் கட்டுங்கள். காலை டிபனுக்குப் பிறகு என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.