தாத்தாவின் கால்சட்டையைக் குறுக்கலாமா?

வணக்கம். டர்பனில் 1950களின் பாணியில் நடக்கும் குடும்ப விருந்துக்குத் தாத்தாவின் இரட்டை வரிசைப் பொத்தான் கோட்டை அணியப்போவதாகவும், கால்சட்டை அகலமாக இருப்பதால் கிரே வீதித் தையற்காரரிடம் குறுக்கக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து குறுக்காதீர்கள், அந்த அகலந்தான் அக்காலத்தின் அடையாளம். போர்க்காலத் துணித் தட்டுப்பாட்டால் பிரிட்டனில் 1942இல் கால்சட்டையின் அடிமடிப்புக்குக்கூடத் தடை விதித்திருந்தார்கள். 1947இல் பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியன் தியோர் கெஜக்கணக்கான துணியில் பாவாடைகளை விரித்துக் காட்டியதும், ஆண்களின் உடுப்பு மீண்டும் தாராளமானதும் அந்த வறட்சிக்குப் பிறகுதான். என் கண்ணுக்கு அதைவிட நேர்த்தியான காலம் வேறில்லை (பெல்பாட்டம் பிரியர்கள் மன்னிக்க!). இடுப்பு தளர்ந்திருந்தால் பின்தையலில் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். துணியை வெட்ட விடாதீர்கள். கால்சட்டையைத் தொப்புள் உயரத்தில், பெல்ட்டுக்குப் பதிலாகத் தோள்வாருடன் அணியுங்கள். டர்பன் புழுக்கத்தில் கம்பளிக் கோட்டு கனக்கும் என்பதால், உள்ளே மெல்லிய பருத்திச் சட்டையே போதும்.