நாகர்கோவில் காலேஜ்ல இருந்து பெரிய யுனிவர்சிட்டிக்கு: இடையில மாறலாமா, முடிச்சிட்டு போலாமா?

குலசேகரம் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா. நாகர்கோவில்ல ஒரு அரசு காலேஜ்ல பி.எஸ்சி. பிசிக்ஸ் முதல் வருஷம், முதல் செமஸ்டர்ல நல்ல மார்க், அப்பா ரப்பர் பால்வெட்டுக்கு போறாரு, பிளஸ் டூ வரைக்கும் அரசு பள்ளிக்கூடம். "ரெண்டாவது வருஷத்துக்கு சென்னையில பெரிய காலேஜுக்கோ டெல்லி யுனிவர்சிட்டிக்கோ மாற முடியுமா சார், இங்கயே கெடந்தா வெளங்காதுன்னு சொந்தக்காரங்க எல்லாரும் சொல்லுதாவ"ன்னு கேக்கா.

மக்களே, மாற முடியும், ஆனா இப்பம் மாறாத. மூணு வருஷம் முடிச்சிட்டு எம்.எஸ்சி.க்கு போ, அது தான் உனக்கு உள்ள பெரிய வாசல். ஏன்னு சொல்லுதேன்.

முதல்ல இடையில மாறுறதுல என்ன இருக்குன்னு பாரு. நம்ம மாவட்டத்துல உள்ள ஆர்ட்ஸ் காலேஜ் எல்லாம் மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டி கீழ வருது. அதே யுனிவர்சிட்டிக்குள்ள இன்னொரு காலேஜுக்கு மாறணும்னா, போற காலேஜ்ல அந்த கோர்ஸ்ல சீட் காலியா இருக்கணும், ரெண்டு பிரின்சிபாலும் ஆட்சேபம் இல்லன்னு கடிதம் (என்ஓசி) தரணும், யுனிவர்சிட்டி அனுமதி தரணும். சென்னைக்கு போனா யுனிவர்சிட்டியே வேற, அதனால மைக்ரேஷன் சர்டிபிகேட்டும் வேணும், நீ படிச்ச பேப்பரும் அவங்க பேப்பரும் ஒத்துப்போகுதான்னும் பாப்பாங்க. அங்க தான் சிக்கலே. உனக்கு முதல் வருஷம் அலைடு கணக்கு, அதாவது துணைப்பாடமா கணக்கு ஓடியிருக்கும், அங்க உள்ள பிள்ளைகளுக்கு அதே நேரத்துல அலைடு கெமிஸ்ட்ரி முடிஞ்சிருக்கும், அப்பம் நீ ரெண்டாவது வருஷ பாடத்தையும் படிச்சிக்கிட்டு விட்டுப்போன கெமிஸ்ட்ரி தியரி, லேப் ரெண்டையும் தனியா எழுதி பாஸ் பண்ணணும். தன்னாட்சி காலேஜ்னா சிலபஸே அவங்க சொந்தமா போடுறது, வித்தியாசம் இன்னும் கூடும். புது ஊர், ஹாஸ்டல், இதுக்கு மேல பழைய பேப்பர்னா நல்ல மார்க் எடுக்குற பிள்ளைக்கும் அந்த வருஷம் சறுக்கிரும், எம்.எஸ்சி.க்கு போகும்போது அந்த சறுக்கின மார்க்கும் சேந்து தான் வரும்.

இப்பம் பாஸ் பண்ணின பாடத்தோட கிரெடிட்ட ஆன்லைன்ல சேத்து வைக்கிற கிரெடிட் பேங்க்னு ஒண்ணு வந்திருக்கே, 2021-ல ஆரம்பிச்சது, டிஜிலாக்கர்ல ஐடி எடுத்தா மார்க் எல்லாம் கூடவே வந்துரும்னு சிலபேர் சொல்லுவாங்க. ஐடி எடுத்து வை, நல்லது தான். ஆனா கிரெடிட் கணக்குல இருக்கதனால எந்த காலேஜும் உனக்கு சீட் தந்தாகணும்னு இல்ல, சேக்குறதும் சேக்காததும் அவங்க முடிவு.

டெல்லி யுனிவர்சிட்டினா ரெண்டாவது வருஷத்துல நேரா போய் உக்காரலாம்னு நம்பாத. வழக்கமான வழி மத்திய யுனிவர்சிட்டிகளுக்கான நுழைவுத்தேர்வு சியுஇடி எழுதி முதல் வருஷத்துல இருந்து சேருறது தான். 2022-ல இருந்து அந்த பரீட்சை நடக்குது, தமிழ்லயும் எழுதலாம். ஆனா ஒரு வருஷம் போயிரும், வீட்டு செலவும் வேற. பிசிக்ஸே பிடிக்கல, வேற சப்ஜெக்ட் தான் வேணும்னா அந்த ஒரு வருஷத்த விடுறதுல நியாயம் உண்டு. உனக்கு பிசிக்ஸ் பிடிச்சிருக்கு, அப்பம் அத எதுக்கு விடணும்?

சரி, முடிச்சிட்டு போறது எப்படி? எம்.எஸ்சி. சேர்க்கைக்கு ஜாம்னு ஒரு பரீட்சை, ஐஐடிங்க நடத்துறது, பிப்ரவரில வரும், அதுக்கு விண்ணப்பம் முந்தின செப்டம்பர் வாக்குல திறக்கும், மூணாவது வருஷம் படிக்கும்போதே எழுதலாம். அந்த ஸ்கோர வச்சி ஐஐடில எம்.எஸ்சி., பெங்களூரு ஐஐஎஸ்சிலயும் (இந்திய அறிவியல் கழகம்), ஐசர்ங்கிற மத்திய அறிவியல் கல்வி நிறுவனங்கள்லயும் எம்.எஸ்சி.யும் சேந்த ஒருங்கிணைந்த பிஎச்டி, தனி கவுன்சிலிங் வழியா திருச்சி என்ஐடி மாதிரி இடங்கள், எல்லாத்துக்கும் போட்டி போடலாம். இது போக சியுஇடியோட முதுகலை பரீட்சை, சியுஇடி பிஜி எழுதினா ஹைதராபாத், பாண்டிச்சேரி, டெல்லி யுனிவர்சிட்டி. நீ இப்பம் ஆசைப்படுற டெல்லியே அப்பம் எம்.எஸ்சி.க்கு வரும், பேப்பர் சிக்கல் ஒண்ணும் இல்லாம. இந்த பரீட்சைகள்ல சென்னை பெரிய காலேஜ் பிள்ளையும் நீயும் ஒரே கேள்வித்தாள தான் எழுதுவீங்க.

ஜாம் சிலபஸ்ல பெருசா வித்தியாசம் இல்ல, மெக்கானிக்ஸ், எலக்ட்ரோமேக்னடிசம், தெர்மோடைனமிக்ஸ், ஆப்டிக்ஸ் எல்லாம் நீ படிக்கிறது தான். வித்தியாசம் கேக்குற விதத்துல. நம்ம செமஸ்டர் பரீட்சையில "திட உருளையின் நிலைமத் திருப்புத்திறனுக்கான கோவையைத் தருவி"ன்னு பத்து மார்க்குக்கு வரும், நீ மனப்பாடமா எழுதிருவ. ஜாம்ல அதே உருளை 30 டிகிரி சாய்தளத்துல வழுக்காம உருண்டு வருது, முடுக்கம் என்னன்னு கேப்பான். நீ படிச்ச அந்த கோவைய எடுத்து வச்சி, உராய்வோட திருப்பு விசையையும் சேத்து போட்டா மூணுல ரெண்டு பங்கு ஜி சைன் தீட்டா வரும், 30 டிகிரிக்கு அது ஜி-ல மூணுல ஒரு பங்கு, 3.27 மீ/வி². தெரிஞ்ச பாடம் தான், கை தான் பழகல. அதனால ஒவ்வொரு யூனிட்டும் கிளாஸ்ல முடிஞ்ச அந்த வாரமே பழைய ஜாம் கேள்வியில அந்த பாடத்துக்கு உள்ளத மட்டும் எடுத்து போட்டுப் பாரு, மூணாவது வருஷம் மொத்தமா பாத்துக்கலாம்னு வைக்காத. ஜாம்ல 100 மார்க்ல 50 மார்க்குக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது, எண்ணா விடை எழுதுற கேள்வி மட்டும் 20 உண்டு, கணக்கு போட்டு பழகின பிள்ளைக்கு அது பெரிய தெம்பு. கோச்சிங்குக்கு காசு கட்டணும்னு இல்ல, ஐஐடிங்களோட ஆன்லைன் பாடத்தளம் என்பிடெல்ல வீடியோ பாக்க காசு கிடையாது, பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கினா தான் கட்டணம்.

ரெண்டாவது வருஷம் அக்டோபர், நவம்பர்ல அறிவியல் அகாடமிகளோட கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப்புக்கு போடு. கிடைச்சா ரெண்டு மாசம் ஒரு விஞ்ஞானி கிட்ட இருந்து வேலை படிக்கலாம், உதவித்தொகையும் உண்டு. அதுக்கு உன்ன தெரிஞ்ச ஒரு ஆசிரியர் பரிந்துரை கடிதம் எழுதணும். லேப் முடிஞ்சதும் ஓடிராம சந்தேகம் கேட்டு நில்லு, அந்த கடிதத்துல வெறும் மார்க்க தவிர எழுத அவங்களுக்கு ஏதாவது இருக்கணும்.

சொந்தக்காரங்க சொல்லுறதுக்கு நம்ம ஊர்லயே பதில் இருக்கு. 2018-ல இருந்து 2022 வரைக்கும் இஸ்ரோ தலைவரா இருந்த சிவன் சரக்கல்விளைக்காரரு, நாகர்கோவில் எஸ்.டி. இந்து காலேஜ்ல பி.எஸ்சி. கணக்கு முழுசா முடிச்சிட்டு தான் சென்னை எம்ஐடி இன்ஜினியரிங் காலேஜுக்கு போனாரு, அங்க 1980-ல முடிச்சி, 1982-ல ஐஐஎஸ்சில எம்.இ. வாங்கினாரு. இன்ஜினியரிங் பக்கம் போக ஆசை வந்தா இப்பமும் வழி உண்டு, கணக்கு படிச்ச பி.எஸ்சி. பிள்ளைங்களுக்கு தமிழ்நாட்டுல நேரடி ரெண்டாம் வருஷ பி.இ. கவுன்சிலிங் நடக்குது.

வீட்டுல யாருக்கும் சுகமில்ல, குடும்பமே ஊர் மாறுது, இப்படி காரணம் இருந்து மாறியே ஆகணும்னா ஒண்ணு மட்டும் கவனிச்சிக்கோ. புது காலேஜ்ல சீட் உறுதின்னு எழுத்துல வராம இங்க டிசி வாங்காத. வாய்ல "வாங்க பாத்துக்கலாம்"னு சொன்னத நம்பி டிசி வாங்கிட்டு, அங்கயும் இடம் இல்லாம இங்கயும் திரும்ப முடியாம ஒரு வருஷம் வீட்டுல இருந்த பிள்ளைங்க உண்டு. புதுமைப்பெண் 1000 ரூபா வந்துட்டு இருந்தா, அது காலேஜ் வழியா பதிவானது, அது புது காலேஜ்ல எப்படி தொடரும்னும் முதல்லயே ஆபீஸ்ல கேட்டுரு.

கடைசியா, நிறைய பேர் கோட்டை விடுற ஒரு பேப்பர். நம்ம பி.சி., எம்.பி.சி. சாதி சான்றிதழ மட்டும் கொண்டு போனா மத்திய கல்வி நிறுவனத்துல எடுத்துக்க மாட்டாங்க. மத்திய அரசு படிவத்துல, வசதியான பிரிவுல வரலன்னு காட்டுற ஓபிசி நான் கிரீமி லேயர் சான்றிதழ் வேணும், உங்க சாதி மத்திய பட்டியல்லயும் இருக்கணும், எந்த தேதிக்கு பிறகு வாங்கினது செல்லும்னு அந்தந்த வருஷ அறிவிப்புல போட்டிருப்பாங்க. அப்பாவோட வருமான சான்றிதழ், சாதி சான்றிதழ் ரெண்டுலயும் பேர், இனிஷியல் ஒண்ணா இருக்கான்னு இப்பமே பாத்து வை, தப்பு இருந்தா இ-சேவையில குடுத்து திருத்துறதுக்கு உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் கையில இருக்கு.