வாசகர் கேள்வி – பதில்: பாலைவனத்தின் அடியில் கார்ல்ஸ்பாட் குகைகள்

அமெரிக்காவில் மகன் அல்லது மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கப் போகும் வாசகர்கள் சுற்றுலா பற்றித் தொடர்ந்து எழுதிக் கேட்கிறார்கள். இம்முறை வந்த கடிதங்களில் பலவும் நியூ மெக்சிகோ மாநிலத்தின் தென்கிழக்கில், சிவாவா பாலைவனத்தில் உள்ள கார்ல்ஸ்பாட் குகைகள் தேசியப் பூங்காவைப் பற்றியே அமைந்திருப்பதால், இந்தப் பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

எனக்கு வயது 66. மூட்டு வலி உண்டு. டாலஸில் இருக்கும் மகன் இந்தக் குகைக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறான். என்னால் இறங்கி ஏற முடியுமா?
— வாசகி, திருச்சி

தாராளமாக முடியும். பார்வையாளர் மையத்திலிருந்து 750 அடி ஆழத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. கீழே ‘பிக் ரூம்’ எனப்படும் பெருங்கூடத்தைச் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுடையது. தளம் போடப்பட்டு, கைப்பிடிக் கம்பியுடன் பெரும்பாலும் சமதளமாகவே செல்லும் அந்தப் பாதையில் நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். முழுச் சுற்றும் வேண்டாமென்றால் பாதியிலேயே திரும்புவதற்குக் குறுக்குவழியும் உண்டு. சக்கர நாற்காலி செல்லக்கூடிய பகுதியும் இருக்கிறது. வெளியே கோடையில் வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸ்தான் என்பதால் ஸ்வெட்டர் அவசியம். ஈரத்தில் வழுக்காத, நல்ல பிடிமானமுள்ள ஷூ அணியுங்கள். புடவைக்குச் செருப்புதான் பொருத்தம் என்று பிடிவாதம் பிடிக்க இது இடமல்ல. ஊன்றுகோலை மருத்துவக் காரணம் இருந்தால் மட்டுமே அனுமதிப்பார்கள் என்பதால், உங்கள் மூட்டு வலியை முன்கூட்டியே ரேஞ்சரிடம் (பூங்கா ஊழியரிடம்) சொல்லிவிட வேண்டும்.

ஆனால் உங்கள் மகன் லிஃப்டில் இறங்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. மலைச்சரிவில் வாய் பிளந்து நிற்கும் இயற்கை நுழைவாயில் வழியாக, வளைந்து வளைந்து கீழே செல்லும் 2 கிலோமீட்டர் பாதையில் அவர் நடந்து இறங்கட்டும். பகல் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதும், வௌவால் எச்சத்தின் நெடி வந்து மறைவதும், கோடையில் வாயிலருகே கூடு கட்டியிருக்கும் தகைவிலான்களின் சத்தம் அடங்கி நீர் சொட்டும் ஓசை மட்டும் மிஞ்சுவதும் லிஃப்டில் இறங்குபவருக்குக் கிடைப்பதில்லை. 79 மாடி உயரத்தை நடந்தே இறங்குவதற்குச் சமம் என்பதால் முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கு மட்டுமே இதைச் சொல்கிறோம். நிலத்தடியில் கைபேசி எடுக்காது. ஆகவே லிஃப்ட் அருகில் எங்கே சந்திப்பது என்பதை மேலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கழிப்பறையும் அங்கேதான் இருக்கிறது.

ஆந்திராவில் போரா குகையைப் பார்த்திருக்கிறேன். அங்கே கோஸ்தனி ஆறு ஓடுகிறது. குகை உருவானது புரிகிறது. மழையே அரிதான பாலைவனத்தில் இவ்வளவு பெரிய குகை எப்படி வந்தது?
— வாசகர், விழுப்புரம்

கடிதங்களிலேயே சிறந்த கேள்வி இது. உலகின் சுண்ணாம்புப்பாறைக் குகைகளில் பெரும்பாலானவை, காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மேலிருந்து இறங்கும் மழைநீர் பாறையை அரித்ததால் உண்டானவை. கார்ல்ஸ்பாட் அப்படியல்ல. இங்கே பாறையைத் தின்ற அமிலம் கீழிருந்து வந்தது.

இந்தப் பாலைவனம் ஏறத்தாழ 26 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலாக இருந்தது. கடற்பஞ்சுகளும் பாசிகளும் சேர்த்துக் கட்டிய நீண்ட கடலடித் திட்டு, பிற்காலத்தில் புதைந்து சுண்ணாம்புப்பாறையாகி, பின்னர் நிலம் உயர்ந்தபோது குவாதலூப்பே மலைத்தொடராக எழுந்தது. அதன் அருகே நிலத்துக்கு அடியில் எண்ணெயும் எரிவாயுவும் தேங்கியிருந்தன (இன்றும் பூங்காவுக்கு வரும் வழியெங்கும் எண்ணெய் எடுக்கும் இயந்திரங்களைக் காணலாம்). அங்கிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு, பாறை வெடிப்புகள் வழியாக மேலேறி, ஆக்சிஜன் கலந்த நிலத்தடி நீரைச் சந்தித்தபோது கந்தக அமிலமாக மாறியது. 40 முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துப் பெருங்கூடங்களைக் குடைந்தது. மலை மேலும் உயர உயர நீர்மட்டம் கீழே போய்க் கூடங்கள் வறண்டன.

இதற்குச் சாட்சி பாதையோரத்திலேயே கிடக்கிறது. கந்தக அமிலம் சுண்ணாம்புப்பாறையுடன் வினைபுரிந்தால் ஜிப்சம் என்ற மென்மையான கனிமம் மிஞ்சும். பெருங்கூடத்தில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் ஜிப்சம் பாறைகளைக் கவனித்தால், மேலிருந்து ஒரே இடத்தில் சொட்டிய நீர் அவற்றில் துளைபோட்டு இறங்கியிருப்பது தெரியும். ஆறு ஓடியிருந்தால் ஜிப்சம் எப்போதோ கரைந்து போயிருக்கும். எல்லோரும் கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளை அண்ணாந்து பார்த்தபடியே இந்தப் பாறைகளைக் கடந்து போய்விடுகிறார்கள்.

கல்விழுது, தரையிலிருந்து எழும் கல்முளை போன்ற அலங்காரங்கள் எல்லாம் குகை வறண்ட பிறகு, மழைநீர் துளித்துளியாகக் கசிந்து சுண்ணாம்பைப் படியவிட்டதால் வளர்ந்தவை. பனியுகக் காலத்தில் இங்கே மழை இன்றைவிட மிகுதி; இப்போது பாலைவனம் என்பதால் பெரும்பாலானவற்றின் வளர்ச்சி நின்றுவிட்டது. எனவே போராவில் பார்த்ததைப் போல எங்கும் நீர் வழியும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

வௌவால்கள் கூட்டமாகப் பறக்குமாமே? எப்போது போனால் பார்க்கலாம்? வீடியோ எடுக்கலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

வசந்தத்தின் இறுதியிலிருந்து அக்டோபர் வரை பார்க்கலாம். குளிர்காலத்தில் அவை மெக்சிகோவுக்கு இடம்பெயர்ந்துவிடும். அந்த ஆண்டு பிறந்த குட்டிகளும் தாய்களுடன் பறக்கத் தொடங்கும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் கூட்டம் இன்னும் பெரிதாகத் தெரியும். மாலை மங்கும் நேரத்தில் இயற்கை நுழைவாயிலின் எதிரே உள்ள கல்படி அரங்கில் உட்கார்ந்தால், குகைக்குள்ளிருந்து இடஞ்சுழியாகச் சுற்றிச் சுற்றி மேலெழுந்து, பூச்சி தேடிப் பள்ளத்தாக்குப் பக்கம் நீண்ட புகைபோல் அவை செல்வதைக் காணலாம். கட்டணம் கிடையாது. இடியுடன் மழை பெய்தால் நிகழ்ச்சியை நிறுத்திவிடுவார்கள்.

வீடியோ எடுக்க முடியாது. கேமரா, கைபேசி உள்ளிட்ட எந்த மின்னணுக் கருவியையும் அந்த நேரத்தில் இயக்கக் கூடாது. அவை வௌவால்களின் போக்கைக் குலைக்கும் என்பதே காரணம். பகலில் குகைக்குள் நடக்கும்போது தலைக்கு மேல் தொங்கும் என்று அஞ்சவும் வேண்டாம். அவை தங்கும் கிளைக்குகை தனியானது. அங்கே பார்வையாளர்களை விடுவதில்லை.

உள்ளே சாதாரண தண்ணீர் தவிர எதையும் அனுமதிக்க மாட்டார்களாம். குழந்தைக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?
— வாசகி, சிங்கப்பூர்

நிறையவே குறையும். 2024ஆம் ஆண்டில் பெருங்கூடத்தில் யாரோ ஒரு சீட்டோஸ் பாக்கெட்டைத் தவறவிட்டுச் சென்றார். குகையின் ஈரத்தில் அந்தச் சோளத் தீனி ஊறிப் பூஞ்சை பிடித்தது. அதைத் தின்னக் குகைப் பூச்சிகளும் உண்ணிகளும் சிலந்திகளும் ஈக்களும் வந்தன. அவை சத்தைச் சுற்றுப்புறமெங்கும் பரப்ப, அருகிலிருந்த கல் அலங்காரங்களிலும் பூஞ்சை படர்ந்தது. ரேஞ்சர்கள் உட்கார்ந்து அதைக் கவனமாகத் துடைத்தெடுக்க நேர்ந்ததைப் பூங்கா நிர்வாகமே பொதுவில் எழுதி வருந்தியது. குழந்தைக்கு மேலேயே வயிறாரக் கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். விரல் பட்டாலும் தோலின் எண்ணெய்ப் பசை ஒட்டிக் கல் நிறம் மாறும் என்பதால், தொடக்கூடாது என்பதையும் குழந்தைக்கு முன்பே சொல்லிவையுங்கள். வேறு குகைக்கு அணிந்துபோன உடையையும் ஷூவையும் இங்கே அணியாதீர்கள். வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்ற வெண்மூக்கு நோயின் பூஞ்சை அப்படியும் பரவக்கூடும்.

இந்தக் குகையைக் கண்டுபிடித்தவர் யார்?
— வாசகர், யாழ்ப்பாணம்

பழங்குடிகள் நெடுங்காலமாக அறிந்த இடம் இது; நுழைவாயில் அருகே அவர்களுடைய பாறை ஓவியங்கள் இருக்கின்றன. 1898இல் ஜிம் வைட் என்ற பதின்வயது மாட்டுக்காரர், மாலையில் வௌவால் கூட்டம் எழுவதைப் பார்த்து உள்ளே இறங்கியதாகச் சொல்வார்கள். பின்னர் வௌவால் எச்சத்தை உரத்துக்காக வெட்டியெடுக்கும் தொழில் நடந்தது. அவர்தான் அந்த எச்சம் தூக்கும் வாளியிலேயே முதல் சுற்றுலாப் பயணிகளையும் கீழே இறக்கினார். 1923இல் தேசிய நினைவுச்சின்னம், 1930இல் தேசியப் பூங்கா, 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலம்.

அங்கே 240 கிலோமீட்டர் நீளக் குகை ஒன்று இருப்பதாகப் படித்தேன். அதையும் பார்க்கலாமா? முன்பதிவு, தங்குமிடம் பற்றியும் சொல்லுங்கள்.
— வாசகர், சென்னை

நீங்கள் படித்தது லெச்சுகியா குகையைப் பற்றி. 1986இல் குகை ஆர்வலர்கள் இடிபாடுகளைத் தோண்டித் திறந்த பிறகுதான் அதன் பெருநீளம் தெரியவந்தது. ஆராய்ச்சிக்கும் அளவீட்டுக்கும் அனுமதி பெற்றவர்கள் தவிர வேறு எவருக்கும் அது திறப்பதில்லை; அதன் தூய்மையைக் காக்க அதுவே சரி.

கார்ல்ஸ்பாட் பெருங்குகைக்கு நேரம் குறித்த முன்பதிவு கட்டாயம். அமெரிக்க அரசின் ரிக்ரியேஷன் வலைத்தளத்தில் ஒரு டாலர் செலுத்திப் பதிந்துகொள்ள வேண்டும். நுழைவுக் கட்டணம் 15 டாலர், தனி. 15 வயது வரையுள்ளவர்களுக்கு இலவசம். கடைசி நுழைவு பிற்பகல் நடுவிலேயே முடிந்துவிடுவதால் காலை நேரத்தையே தேர்ந்தெடுங்கள். லிஃப்ட் பழுதாகி நிற்பதும் உண்டு. உடன் வருவோரில் நடக்க இயலாதவர் இருந்தால் கிளம்பும் முன் பூங்காவின் வலைத்தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பூங்காவுக்குள் விடுதி கிடையாது. கார்ல்ஸ்பாட் நகரில் தங்கி, பெட்ரோலும் குடிநீரும் அங்கேயே நிரப்பிக்கொண்டு புறப்பட்டால் அரைமணி நேரத்துக்குச் சற்று மேலான கார் பயணம்தான். எல் பாசோ விமான நிலையத்திலிருந்து வருவதானால் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் கடை கண்ணி அதிகம் இல்லை.