எவர்சில்வர் தகட்டில் துளை அடித்தால் தகடு பஞ்சோடு (துளையிடும் கம்பியோடு) எழும்பி வருகிறது. தகட்டைப் பஞ்சிலிருந்து கழற்றிவிடும் ஸ்டிரிப்பருக்கு ரப்பர் போன்ற யூரித்தேன் போடலாமா, கனமான ஸ்பிரிங் போடலாமா?

கேட்டவர் கோத்தகிரிப் பக்கம் சிறிய பிரஸ் பட்டறை வைத்திருக்கிறார். தேயிலை உலர்த்தி இயந்திரத்தின் தட்டுகளுக்காக 1.2 மி.மீ. கனமுள்ள 304 ரக எவர்சில்வர் தகட்டில் 3 மி.மீ. துளைகளை, பிரஸ் ஒருமுறை இறங்கும்போது 12 வீதம் போடுகிறார். பஞ்ச் மேலே திரும்பும்போது தகடு அதைக் கவ்விக்கொள்கிறது, பஞ்சின் தலை அடிக்கடி ஒடிகிறது என்பது அவருடைய சிக்கல்.

குன்னூரில் இதே வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் டையின், அதாவது தகட்டுக்கு அடியில் பஞ்ச் இறங்கும் அச்சின், துளையை அளந்து பாருங்கள். தகடு எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்பதை முடிவு செய்வது ஸ்டிரிப்பர் அல்ல; பஞ்சுக்கும் டைக்கும் இடையே உள்ள கிளியரன்ஸும் (இடைவெளியும்) பஞ்சின் மேற்பரப்பும்தான். அவை சரியில்லாத இடத்தில் ஸ்டிரிப்பரை மட்டும் பலமாக்கினால், பிரஸ் சுமக்கும் பாரம் கூடுமே தவிர வேறொன்றும் நடக்காது.

கணக்கைப் பார்ப்போம். துளையின் சுற்றளவு, தகட்டின் கனம், உலோகத்தின் வெட்டு வலிமை, இம்மூன்றையும் பெருக்கினால் வெட்டும் விசை கிடைக்கும். 304-க்கு வெட்டு வலிமையைச் சதுர மி.மீ.க்குச் சுமார் 500 நியூட்டன் என்று வைத்தால், உங்கள் துளை ஒன்றுக்கு ஏறத்தாழ 575 கிலோ. 12 பஞ்சுக்கும் சேர்த்து 7 டன்னுக்குச் சற்றுக் குறைவு. தகட்டைக் கழற்றத் தேவைப்படும் விசை இதில் 5 முதல் 10 சதவீதம் என்பது டூல் ரூம்களின் வழக்கமான கணக்கு. மைல்டு ஸ்டீலுக்கு அது பெரும்பாலும் ஒத்துவரும். எவர்சில்வரில் கிளியரன்ஸும் குறைவாக இருந்துவிட்டால் 20 சதவீதத்தையும் தாண்டும். அதாவது 700 கிலோ என்று நீங்கள் நினைத்த இடத்தில் 1.4 டன் தேவைப்படும்.

ஏன் கவ்வுகிறது? வெட்டும்போது விரிந்துகொடுத்த உலோகம், கழிவு வில்லை பிரிந்து விழுந்ததும் பழைய நிலைக்குச் சுருங்கப் பார்க்கிறது. நடுவில் பஞ்ச் நிற்கிறது. வளையல் போடும்போது எப்படியோ ஏறிவிடும், கழற்றும்போதுதான் கை சிவக்கும், அதே கதை. 304-இல் இன்னொரு தொல்லையும் உண்டு. வெட்டுப்பட்ட விளிம்பு அந்த அடியிலேயே கடினமாகிவிடும். காந்தம் ஒட்டாத தகட்டிலிருந்து விழுந்த வில்லைகள் காந்தத்தை லேசாக இழுப்பதைக் கவனித்திருப்பீர்கள், அது இதன் அடையாளம்தான். கடினமான விளிம்பு கூடுதல் பலத்தோடு கவ்வும்.

அந்த வில்லைகளைத் தூக்கி எறியாதீர்கள். ஒன்றை எடுத்து லென்ஸில் அதன் பக்கவாட்டுச் சுவரைப் பாருங்கள். பளபளப்பான ஒரு பட்டையும், அதையடுத்துச் சொரசொரப்பாக முறிந்த பகுதியும் தெரிய வேண்டும். பளபளப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தால் நல்லது. சொரசொரப்புக்கு நடுவே இரண்டாவதாக ஒரு பளபளப்புப் பட்டை தெரிந்தால் கிளியரன்ஸ் போதவில்லை என்று பொருள். மேலிருந்தும் கீழிருந்தும் கிளம்பிய முறிவுகள் சந்திக்காமல் உலோகம் இரண்டாம் முறை வெட்டுப்பட்டிருக்கிறது. பக்கத்துக்குத் தகட்டின் கனத்தில் 5 சதவீதம் என்ற பழைய கணக்கில் செய்த டைகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். 1.2 மி.மீ. தகட்டுக்கு அது 0.06 மி.மீ.தான். பக்கத்துக்கு 10 சதவீதம், அதாவது 0.12 மி.மீ. கொடுங்கள். 3 மி.மீ. பஞ்சுக்கு டைத் துளை 3.24 ஆகும். பிசிறு வருமே என்று பயப்படுவீர்கள். கொஞ்சம் வரலாம். ஆனால் அது டை இருக்கும் பக்கத்தில்தான் வரும். தட்டைப் பொருத்தும்போது இலை படும் பக்கம் வழவழப்பாக இருக்கும்படி திருப்பிக்கொண்டால் போயிற்று. கிளியரன்ஸைக் கூட்டினால் வில்லை பஞ்சோடு ஒட்டி மேலே வரும் ஆபத்தும் உண்டு. பஞ்ச் டைக்குள் குறைந்தது 1 மி.மீ. இறங்கும்படி அமையுங்கள்.

அடுத்து, பஞ்சின் பக்கவாட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நுனிக்குச் சற்று மேலே நகம் இடறினால், அங்கே எவர்சில்வர் அப்பிக்கொண்டு பற்றுவைத்ததுபோல் ஆகியிருக்கிறது. அதன் பிறகு ஒவ்வோர் அடிக்கும் உராய்வு ஏறிக்கொண்டே போகும். பஞ்சை அது நகரும் திசையில் நீளவாக்கில் மெருகேற்ற வேண்டும். லேத்தில் சுழற்றிப் பிடித்த எமரித்தாள் விடும் குறுக்குக் கோடுகள் ஒவ்வொன்றும் தகட்டைப் பிடிக்கும். இதற்காகக் கோயம்புத்தூர் வரை மலையிறங்க வேண்டியதில்லை. அருவங்காட்டிலும் கேத்தியிலும் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எண்ணெய்க்கல்லில் ஒரு பிற்பகலில் முடித்துத் தருவார்கள். அடிக்கும்போது தகட்டுக்கு எண்ணெய் தடவுங்கள். ஆனால் வேலை முடிந்ததும் தட்டைச் சுத்தமாகக் கழுவியே அனுப்ப வேண்டும். தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும், தொழிற்சாலைக்காரர் உங்களைச் சும்மா விடமாட்டார்.

இவ்வளவும் சரியான பிறகு ஸ்டிரிப்பர். ஒவ்வொரு பஞ்சுக்கும் யூரித்தேன் குழாய் மாட்டும் யோசனை தனிப் பஞ்சுக்கு அருமையானது, உங்கள் வரிசைக்கு ஆகாது. யூரித்தேன் அழுத்தினால் பருமன் குறையாது, பக்கவாட்டில் உப்பும். துளைகள் நெருங்கி இருக்கும் தட்டில் உப்புவதற்கு இடம் எங்கே? பஞ்சுகளை வழிநடத்தும் ஸ்டிரிப்பர் தகடு ஒன்றைச் செய்து, அதன் ஓரங்களில் யூரித்தேன் கட்டைகளையோ ஸ்பிரிங்குகளையோ வையுங்கள். அது பஞ்சின் முனையைவிட அரை முதல் 1 மி.மீ. கீழே நின்று, முதலில் தகட்டைத் தொட்டு, கடைசியாக விட வேண்டும். அசையாத ஸ்டிரிப்பர் மலிவுதான், ஆனால் தகடு எழும்பிச் சாய்ந்து போய் அதில் முட்டும்போதுதான் மெல்லிய பஞ்சுகள் ஒடிகின்றன.

யூரித்தேன் கட்டை என்றால் ஷோர் ஏ அளவில் 90 கடினம் கேளுங்கள். அதன் உயரத்தில் கால் பங்குக்கு மேல் அமுக்கக் கூடாது. பஞ்சைக் கிரைண்ட் செய்து குட்டையாக்கும்போதெல்லாம் கட்டையையும் அதே அளவு சீவ வேண்டும். இல்லாவிட்டால் அமுக்கம் கூடி ஓரம் பிளந்துவிடும். நம் மலைக்கே உரிய சங்கதி ஒன்று: யூரித்தேனில் பாலியெஸ்டர் வகை, பாலிஈதர் வகை என்று இரண்டு உண்டு. பாலியெஸ்டர் வகை எண்ணெய்க்கு நன்றாகத் தாங்கும், ஆனால் காற்றின் ஈரம் நாளடைவில் அதை உள்ளிருந்தே சிதைக்கும். கூடலூரில் ஜூன், ஜூலை, உங்கள் பக்கம் அக்டோபர், நவம்பர் என்று மாதக்கணக்கில் மூடுபனி நிற்கும் ஊரில் அது பிசுபிசுத்து, வளைத்தால் வெடிப்பு விடும். பாலிஈதர் வகையையே கேட்டு வாங்குங்கள். எது என்று சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம். உறைபனி விழும் ஜனவரிக் காலையில் யூரித்தேன் விறைத்து, அமுங்கிய பின் மெதுவாகவே மீளும். முதலில் கழிவுத் தகட்டில் சில அடி அடித்து அதைப் பதப்படுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஸ்பிரிங் வாங்கினால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஐ.எஸ்.ஓ. 10243 தரத்தில் பச்சை மிக இலகுவானது, நீலம், சிவப்பு என்று ஏறி மஞ்சள் மிகக் கனமானது. ஜப்பானியத் தரத்தில் மஞ்சள்தான் மிக இலகுவானது, பச்சை கனமானது. கடைகளில் இரண்டும் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கும். பழைய மஞ்சளுக்குப் பதில் புதிய மஞ்சளை மாட்டிவிட்டு, தகடு ஏன் கழலவில்லை என்று தேடுபவர்கள் உண்டு. ஒரு மி.மீ. அமுக்க எத்தனை கிலோ என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஸ்பிரிங்கின் மொத்த விசை வெட்டும் விசையோடு கூடும் என்பதால் பிரஸ்ஸின் டன் கணக்கையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

12 பஞ்சில் ஒன்றுவிட்டு ஒன்றை, தகட்டின் கனத்துக்குச் சற்றுக் குறைவாகக் குட்டையாக்கினால் எல்லாம் ஒரே நொடியில் வெட்டாது. பிரஸ் எடுக்கும் உச்ச பாரம் குறையும். இதற்கு நீங்கள் செலவழிக்க வேண்டியது ஒரு கிரைண்டிங் கூலிதான்.