ஐயரம்மா பதில்கள்: கரிநெருப்பும் இரண்டு பணமும்

கேள்வி: என் மாமியார் மூன்று வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். ஆனால் அவர் கூப்பிடும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போகிறேன். 'தேவன் அன்பாகவே இருக்கிறார்' என்று குடும்ப ஜெபத்தில் வாசிக்கும்போது வேஷம் போடுகிற மாதிரி இருக்கிறது.
- ஒரு வாசகி, நாசரேத்

பதில்: மகளே, முதலில் ஒரு காப்பி போட்டுக் குடி. அப்புறம் படி.

உன் கடிதத்தில் 'அன்பு' என்று வருகிற இடத்தில் 'பிரியம்' என்று போட்டு வாசித்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்துகிறது. மாமியார்மேல் உனக்குப் பிரியம் இல்லை, அவ்வளவுதானே? அன்பு வேறு, பிரியம் வேறு. சத்துருக்களைச் சிநேகிக்கச் சொன்ன ஆண்டவர், அடுத்த மூச்சிலேயே ஆசீர்வதியுங்கள், நன்மை செய்யுங்கள், ஜெபம்பண்ணுங்கள் என்றார். எல்லாம் வாயும் கையும் செய்கிற வேலை. அதை நீ மூன்று வருடமாகச் செய்துகொண்டிருக்கிறாய்.

என் வீட்டுக்காரர், சபைப் போதகராக இருந்த ஐயர், பக்கவாதத்தில் 18 மாதம் படுத்திருந்தார். ஒரு ராத்திரி நாலாவது தடவையாக விரிப்பு மாற்றும்போது, "நீங்க போய்ச் சேர்ந்தாத்தான் எனக்குத் தூக்கம்" என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் பேச்சுதான் போயிருந்தது. காது நன்றாகக் கேட்கும். விடிந்ததும் கஞ்சி ஊட்டிக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன். இடது கையால் என் புறங்கையை இரண்டு தட்டு தட்டினார். அந்த வாரமே மறுபடியும் எரிந்து விழுந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நல்ல சமாரியன் கதையில் நாம் கவனிக்காமல் விடுகிற இடம் ஒன்று உண்டு. வழியில் அடிபட்டுக் கிடந்தவனுடைய காயத்தைக் கட்டி, சத்திரத்துக்குக் கொண்டுபோய், அன்று ராத்திரி பார்த்துக்கொண்டான். மறுநாள்? இரண்டு பணத்தைச் சத்திரக்காரன் கையில் கொடுத்து, "மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிட்டான். மத்தேயு 20-ல் திராட்சத்தோட்டத்து ஆட்களுக்கு ஒரு நாள் கூலி ஒரு பணம். ஆக, இரண்டு நாள் கூலியைக் கொடுத்து வேறொருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். கூடவே உட்கார்ந்திருக்கவில்லையே என்று இயேசு அவனைக் குறை சொல்லவில்லை. உன் வீட்டுக்காரரிடமும் நாத்தனாரிடமும் அந்த இரண்டு பணத்தைக் கேள். வாரத்தில் இரண்டு நாளாவது ஓர் ஆள் வரட்டும். நீ தூங்கு.

கேள்வி: தம்மைத் தெரியாது என்று மறுதலித்த சீஷன் பேதுருவிடம் 'என்னை நேசிக்கிறாயா' என்று இயேசு மூன்று தடவை கேட்டது குத்திக்காட்டுவதுபோல் இல்லையா?
- ஒரு கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

பதில்: குத்தத்தான் செய்தது, தம்பி. பேதுரு துக்கப்பட்டான் என்று யோவானே எழுதியிருக்கிறார். கிரேக்க மூலத்தில் 'அன்பாயிருக்கிறாயா', 'நேசிக்கிறாயா' என்று இரண்டு வேறு வினைச்சொற்கள் இருப்பதை வைத்துப் பண்டிதர்கள் சண்டை போடுவார்கள். எனக்கு அந்தச் சண்டை வேண்டாம். அடுப்படியில் காலம் கழித்தவள், நெருப்பைத்தான் பார்ப்பேன்.

புதிய ஏற்பாட்டில் கரிநெருப்புக்கான அந்தக் கிரேக்கச் சொல் வருவது இரண்டே இடத்தில். யோவான் 18-ல் பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்த நெருப்பு ஒன்று. 21-ல் திபேரியாக் கடற்கரையில் இயேசு மூட்டி வைத்த நெருப்பு மற்றொன்று. கரிப்புகை மூக்கில் ஏறியதுமே பேதுருவுக்கு அந்த ராத்திரி ஞாபகம் வந்திருக்காதா? வலையில் 153 பெரிய மீன்கள். அது கரைக்கு வருமுன்பே நெருப்பின்மேல் மீனும், பக்கத்தில் அப்பமும் இருந்தன. வாருங்கள், சாப்பிடுங்கள் என்றார். அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் அந்தக் கேள்வி. பதிலைக் கேட்டுவிட்டுச் சோறு போடலாமா வேண்டாமா என்று அவர் யோசிக்கவில்லை.

கேள்வி: மகள் கல்யாணப் பத்திரிகையில் அன்பைப் பற்றிய அதிகாரமான 1 கொரிந்தியர் 13-ஐப் போடலாமா?
- ஒரு தகப்பனார், சாயர்புரம்

பதில்: தாராளமாகப் போடுங்கள் அண்ணாச்சி. ஆனால் பவுல் அதை மாப்பிள்ளை பெண்ணுக்கு எழுதவில்லை. கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியோடும் ஒருவன் குடிவெறியோடும் உட்கார்ந்திருந்த சபைக்கு எழுதினார்; இரண்டு அதிகாரம் முன்னால் பாருங்கள். நம் ஊர்க் கோயில் விருந்தான அசனத்தில் கறி தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, கமிட்டிக்காரர்களுக்கு ஒரு சட்டியை ஒதுக்கி வைப்பார்களே, அந்த மாதிரி சங்கதிதான். பத்திரிகைக்கு வசனம் கொடுக்கிற கையோடு, கடைசிப் பந்திக்கும் கறி இருக்குமா என்று சமையல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.